முதல் குளிர்காலத்துக்கு எந்த ஈ?

அக்டோபர் கடைசியில் ஒரு தம்பி போன் செய்தான். லெஸ்டரில் வேலை, இரண்டு சீசனாக ரட்லண்ட் வாட்டர் ஏரியில் என்னோடு ஒரே படகில் மீன் பிடிக்கிறவன். "அண்ணா, இந்தக் குளிர்காலம் நானே ஈ கட்டலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் இதே கேள்விக்குத் தப்பான விடையைப் பிடித்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதையும் தொலைத்தவன் நான். அதனால் நீளமாகவே சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கிலாந்தில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பெரிய ஏரிகள் பெரும்பாலும் குடிநீருக்காக அணை கட்டித் தேக்கியவை. சாமர்செட்டில் பிளாக்டன் 1904இல் மீன்பிடிக்குத் திறந்தது. பக்கத்திலேயே சியூ வேலி 1950களில் வந்தது. கிராஃபம் 1966இல், ரட்லண்ட் 1970களில். இவற்றில் ட்ரவுட் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து விடுகிறார்கள். தூண்டிலில் புழு மாட்டக் கூடாது. முள்ளின் மேல் நூல், இறகு, ரோமம், கம்பி என்று சுற்றி ஏதோ ஓர் உயிரைப் போலச் செய்து அதைத்தான் வீச வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஈ. அதில் பாதி ஈயே கிடையாது. சில மீன்குஞ்சு மாதிரி, சில எது மாதிரியும் இல்லை.

ஆற்று ட்ரவுட்டுக்கு நீரோட்டம் இரையைக் கொண்டுவந்து காட்டும். எடுப்பதா விடுவதா என்று ஒரு நொடியில் முடிவு செய்தாக வேண்டும். ஏரி ட்ரவுட் சும்மா நீந்திக்கொண்டே வரும். நின்று பார்க்க அதற்கு நேரம் இருக்கிறது. ஆற்றுக்கு எழுதிய பாடங்கள் ஏரியில் பாதிதான் செல்லுபடியாவதற்கு இது ஒரு காரணம்.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம். காசு மிச்சம் பிடிக்க ஈ கட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைஸ் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி), கத்தரி, நூல், முள், இறகு எல்லாம் சேர்ந்தால் நூறு பவுண்டு சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் "இந்த நிறம் என்னிடம் இல்லையே" என்கிற நோய் பிடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. கடையில் விற்கும் ஈக்களில் பெரும்பகுதி கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற இடங்களில் தொழிற்கூடங்களில் கட்டி வருபவை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் கட்டிப் பழகிய கை அது. முதல் வருஷத்தில் நம் கை அந்தப் பக்கமே போகாது. கடையில் கிடைக்காத கனமும் பருமனும் வேண்டும், தொலைந்தால் வருத்தப்படாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த வேலை.

தொலைவது என்று சொன்னேன், அதுதான் என் அளவுகோல். ஏரியில் ஒரு நரம்பில் (தூண்டிலின் நுனியில் வரும் மெல்லிய இழை) பொதுவாக மூன்று ஈக்கள் கட்டுகிறோம். நரம்பு சிக்கி அறுந்தால் மூன்றும் போச்சு. அணைக்கட்டின் கருங்கல்லில் பின்வீச்சு பட்டால் முள் நுனி உடையும்; அது உடைந்தது தெரியாமலே ஒரு மணி நேரம் வீசிக்கொண்டிருப்போம். விலை கொடுத்து வாங்கிய ஈ என்றால் பாசிப் பக்கம் வீசவே மனசு வராது. மீனோ பாசிப் பக்கம்தான் இருக்கும். அதனால் எந்த ஈ அதிகம் தொலைகிறது, எதைக் கட்டுவது சீக்கிரம் கைக்கு வருகிறது, கடை ஈக்கும் நம் ஈக்கும் எதில் வித்தியாசம் மீனுக்குத் தெரிகிறது: இந்த மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி முன்னால் இருந்தவை நான்கு: வேகமாக இழுத்துப் பிடிக்கும் பெரிய, பகட்டான லூர், பஸ்ஸர், டயால் பாக், மேல்தண்ணீரில் மிதக்கும் டிரை.

வகுப்பு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் லூரில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். பெரிய முள், தடித்த நூல், கண்ணுக்குத் தெரியும் வேலை. வூலி பகர் அதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம்; பென்சில்வேனியாக்காரர் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967இல் கட்டியது. இங்கிலாந்து ஏரிகளில் அந்த இடத்தில் இருப்பது கேட்ஸ் விஸ்கர். வெள்ளை மரபு இறகில் வாலும் சிறகும், மின்னும் மஞ்சள்பச்சை உடம்பு, சங்கிலி மணியில் இரண்டு கண். அதைக் கட்டிய டேவிட் ட்ரெய்ன், மரபு இறகு துவண்டு முள்ளில் சுற்றிக்கொள்ளாமல் இருக்கத் தன் பூனையின் உதிர்ந்த மீசையை உள்ளே வைத்துக் கட்டினாராம், பெயர் அப்படித்தான் வந்தது. மரபு என்பது ஒரு காலத்தில் மரபு நாரையின் இறகு. இப்போது கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது வான்கோழி இறகு. நம் ஊர் 'மரபு'க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் லூரில்தான் ஆரம்பித்தேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாற்பதுக்கு மேல் கட்டினேன். மார்ச்சில் மீனும் பிடித்தேன், அதுதான் கெடுத்தது. புதிதாக விட்ட பண்ணை ரெயின்போ ட்ரவுட் முதல் சில வாரங்களுக்கு வேகமாக ஓடும் எதையும் துரத்தும். என் கட்டு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் லூர் எல்லாத் தப்பையும் மறைத்துவிடும். தலையில் நூல் குவிந்திருந்தாலும், உடம்பு கோணலாக இருந்தாலும், மரபு தண்ணீரில் அசையும்போது எல்லாம் மூடிக்கொள்ளும். நான்கு மாதம் கட்டியும் நூலை எவ்வளவு இழுத்தால் அறும் என்பதே எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளக் கடினமான ஒன்று லூரிலும் உண்டு: மரபு எவ்வளவு வைப்பது என்பது. காய்ந்திருக்கும்போது பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பி நிற்கும். போதும் என்று தோன்றுவதில் பாதிதான் வேண்டும். விரலில் தண்ணீர் தொட்டு நீவிப் பார்த்தால் தெரியும். வாலை நீளமாக விட்டால் ட்ரவுட் பின்னாலேயே வந்து வால் நுனியைக் கிள்ளிவிட்டுப் போய்விடும். கையில் தட்டுவது தெரியும், மீன் இருக்காது.

மே மாதம் வந்தது. பக்கத்துப் படகில் ஒரு பெரியவர் ராடை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். மீனுக்கு மேல் மீன் எடுத்தார். நான் லூரை இழுத்து இழுத்துத் தோள் வலியோடு கரை சேர்ந்தேன். அவர் போட்டிருந்தது பஸ்ஸர்.

பஸ்ஸர் என்றால் கைரோனோமிட் என்கிற கடிக்காத கொசு வகை. மாலையில் கரையோர மரங்களுக்கு மேல் புகை மாதிரி கூட்டமாக நின்று ரீங்காரம் போடும், அதனால் அந்தப் பெயர். அடிச்சேற்றில் சிவப்புப் புழுவாக இருக்கும். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான். சேற்றில் குறைவாக இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து வைக்க அது வேண்டும். பிறகு கூட்டுப்புழுவாகி மெதுவாக மேலே ஏறும். தலைப்பக்கம் வெள்ளையாக மூச்சு இழைகள், வளைந்த உடம்பு, நீந்தத் தெரியாத நீச்சல். மேல்தண்ணீரின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாமல் கொஞ்ச நேரம் தொங்கும். ட்ரவுட்டுக்கு இதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. வசந்த காலத்தில் பிடித்த மீனின் வயிற்றை நீளக் கரண்டி விட்டுப் பார்த்தால் கருப்பாக, வரி வரியாக, நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இப்படி வயிற்றைத் திறந்து பார்த்துக் கட்டும் வழக்கத்தை ஏரிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹோவர்ட் பெல் என்கிற மருத்துவர். பிளாக்டன் திறந்த புதிதில் சால்மனுக்குக் கட்டிய பகட்டான ஈக்களையே சின்னதாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். அங்கே டாக்டராக இருந்த பெல், மீன் தின்பது என்ன என்று பார்த்து, அதைப் போல எளிமையாகக் கட்டினார். பிளாக்டன் பஸ்ஸர் அவருடையது. பகட்டா, பூச்சியைப் போலவா என்கிற சண்டை இன்னும் எல்லாப் படகுத்துறையிலும் நடக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

கட்டுவதற்குப் பஸ்ஸர் பார்க்க ஒன்றுமில்லை. வளைந்த முள், 10 அல்லது 12ஆம் எண் (இந்த எண் ஏற ஏற முள் சிறிதாகும்). கருப்பு நூலில் உடம்பு, வெள்ளிக் கம்பியில் வரி, மார்பின் இரு பக்கமும் ஆரஞ்சில் ஒரு தீற்று, மேலே புற ஊதா ஒளியில் இறுகும் யூவி பிசின் பூசி, நீல டார்ச்சைக் காட்டினால் சில நொடியில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். முன்பு எப்பாக்ஸி பசை கலந்து, அது காயும்வரை ஈயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைவலி இப்போது இல்லை.

ஆனால் ஒன்றுமில்லாததைச் சரியாகச் செய்வதுதான் பாடு. நூல் உருண்டையாகவே வந்தால் உடம்பு குச்சி கட்டின மாதிரி மேடு பள்ளமாகும். வலது கைக்காரர்கள் பாபினை (நூல்சுருளைப் பிடிக்கும் கருவி) எதிர்ச்சுற்றாகச் சுழற்றி முறுக்கை எடுத்தால் நூல் நாடா மாதிரித் தட்டையாகப் படியும். இது தெரியாமல் நான் கட்டின முதல் பஸ்ஸர்கள் பெருங்காய டப்பா சைஸில் இருந்தன. பருமன் கூடினால் மீன் எடுக்காது என்பதோடு, மெதுவாக இறங்கும். மார்ச், ஏப்ரலில் மீன் பத்து பதினைந்து அடி ஆழத்தில் இருக்கும்போது ஈ அங்கே போய்ச் சேரவே சேராது. கடை ஈக்கும் நம் ஈக்கும் உள்ள வித்தியாசம் மிக அதிகமாகத் தெரிவது இங்கேதான். தொழிற்கூடத்துப் பஸ்ஸர்களில் பல பிசின் கனத்துத் தடித்திருக்கும். நாமே கட்டினால் ஒல்லியாகக் கட்டலாம், முள்ளின் கம்பித் தடிமனைத் தேர்ந்தெடுத்து ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் இறங்கச் செய்யலாம்.

பிசின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முள்ளின் காதில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அடைத்துக்கொள்ளும், வீட்டு விளக்கில் தெரியாது. மார்ச் மாதக் காற்றில் விரல் மரத்துப்போன நிலையில், நரம்பு நுழையாத பதினோரு பஸ்ஸர்களோடு நான் படகில் உட்கார்ந்திருக்கிறேன். அவசரத்துக்கு ஊசி கூட இல்லை. இப்போதெல்லாம் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு காதிலும் நரம்பை விட்டுப் பார்க்கிறேன்.

பஸ்ஸரின் இன்னொரு கஷ்டம் கட்டுவதில் இல்லை, வீசுவதில். குறுக்குக் காற்றில் வீசிவிட்டு, லைன் (நரம்பைக் கட்டியிருக்கும் தடித்த நூல்) காற்றோடு வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தக்கை போட்டுப் பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு நிமிஷம் சும்மா இருக்க முடியாதவர்கள் எவ்வளவு அழகான பஸ்ஸர் கட்டினாலும் பிரயோஜனமில்லை. தம்பி அந்த ரகம், அதையும் கணக்கில் எடுத்தேன்.

டயால் பாக் வெல்ஷ் மொழிப் பெயர். நேரடி அர்த்தம் சின்னப் பிசாசு. நம் வாய்க்குக் குட்டிச்சாத்தான். இதைவிடப் பொருத்தமாக ஒரு ஈக்குப் பெயர் வைக்க முடியாது, ஏனென்றால் இது எதைப் போலவும் இல்லை, எல்லாவற்றையும் போலவும் இருக்கிறது. பழுப்புக் கோழி இறகில் நாலு இழை வால், மயில்தோகை இழையில் உடம்பு, மெல்லிய செம்புக் கம்பியில் வரி, தொண்டையில் மறுபடி அதே பழுப்பு இழை தாடி மாதிரி. அவ்வளவுதான். மேலே ஏறும் பஸ்ஸராக, நீந்தும் ஏதோ புழுவாக, சின்ன மீன்குஞ்சாக ட்ரவுட் தன் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்கிறது. அசையாமல் தொங்கவும் விடலாம், லைனை விரலில் எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி மெதுவாக இழுக்கவும் செய்யலாம். பொறுமை இல்லாதவனுக்கும் இருப்பவனுக்கும் ஒரே ஈ.

கற்றுக்கொடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. வால் நீளம், கம்பி வரியின் இடைவெளி, தாடிக்கு இடம் விட்டுக் கட்டுவது என்று எல்லா அடிப்படையும் வந்துவிடும். தப்பும் உடனே தெரியும். காதுவரை உடம்பைக் கொண்டுபோய்விட்டுத் தாடிக்கு இடமில்லாமல் முழிப்பது எல்லோரும் செய்வது. மயில் இழைக்கு ஒரே குறை, ட்ரவுட்டின் பல்லில் இரண்டு மூன்று மீனிலேயே அறுந்து தொங்கும். இழைகளை நூலோடு முறுக்கிச் சுற்றி, கம்பியை எதிர்த்திசையில் வரிந்தால் ரொம்ப நேரம் தாங்கும். இதைக் கடை ஈயில் எதிர்பார்க்க முடியாது.

இதில் எனக்கு ஓர் அந்தரங்கச் சந்தோஷமும் உண்டு. குட்டிச்சாத்தானுக்குத் தேவையானதெல்லாம் நம் ஊர்ச் சரக்கு. மயில் தெரிந்ததே, காவடியில் பார்த்து வளர்ந்ததுதான். பழுப்பு இறகுக்கு இங்கே 'இந்தியன் கேப்' என்றே ஒரு ரகம் விற்கிறார்கள், நாட்டுச் சேவலின் கழுத்துத் தோல். மிதக்கும் ஈக்கு அது ரொம்ப மிருது என்று கழித்துவிடுவார்கள், தண்ணீருக்குள் மூழ்கும் ஈயின் தாடிக்கு அந்த மென்மைதான் வேண்டும், விலையும் குறைவு. இன்னும் கொஞ்சம் அலங்காரம் வேண்டும் என்பவர்கள் கன்னத்தில் ஜங்கிள் காக் என்று ஒரு சின்ன இறகு வைப்பார்கள். மெழுகுச் சொட்டு விழுந்த மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி, மீன்குஞ்சின் கண் போல. அது நம் சாம்பல் காட்டுக்கோழி. கூடலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விடியற்காலையில் கூவுகிற அதே பறவை. அதன் இறகு ஏற்றுமதியை இந்தியா 1960களிலேயே தடை செய்துவிட்டது. இங்கே கிடைப்பது கூண்டில் வளர்த்த பறவைகளுடையது, ஒரு கழுத்துத் தோலின் விலையைக் கேட்டால் பிரியாணிக் கோழி ஒரு டஜன் வாங்கலாம் போலிருக்கும். ஆரம்பத்தில் வேண்டாம். கன்னம் இல்லாத குட்டிச்சாத்தானும் மீன் பிடிக்கும்.

டிரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்மன்ஸ் பஸ்ஸர், ஹாப்பர், வாத்தின் எண்ணெய்ச் சுரப்பிப் பக்கத்து இறகில் கட்டும் சிடிசி எல்லாம் கோடை மாலைக்கு அருமையானவை. மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைக் கண்ணால் பார்க்கிற சுகம் வேறெதிலும் இல்லை. ஆனால் மேலே மிதப்பதால் அதிகம் தொலையாது. வருஷத்துக்கு ஆறு போதும். ஹாப்பரின் கால்களுக்கு ஃபெசன்ட் பறவையின் வால் இழையில் முடிச்சுப் போடும் வேலையை முதல் குளிர்காலத்தில் எடுத்தால் வைஸைத் தூக்கி எறிந்துவிடுவோம். வாங்கிக்கொள்ளலாம்.

பூபி பற்றியும் தம்பி கேட்டான். இரண்டு நுரைக் கண்கள் வைத்த மிதக்கும் லூர். வேகமாக மூழ்கும் லைனில் குட்டையான நரம்பில் கட்டினால் அடிமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். கட்டுவது சுலபம், மீனும் எடுக்கும். அசையாமல் விட்டால் ரெயின்போ ஆழமாக விழுங்கிவிடும் என்பதால் பிடித்துத் திரும்ப விட வேண்டிய பல இடங்களில் தடை. எனக்கு நரம்பின் நுனியில் ஒரு பூபி, நடுவில் இரண்டு குட்டிச்சாத்தான் என்று துணிக்கொடி மாதிரித் தொங்கவிட்டுப் பிடிப்பது பிடிக்கும். அதற்கு நாலு பூபி போதும், அதையும் வாங்கலாம்.

ஆகவே நான் தம்பிக்குச் சொன்னது: கிறிஸ்துமஸ்வரை குட்டிச்சாத்தான் மட்டும். 12ஆம் எண்ணில் இரண்டு டஜன், 10இல் ஒரு டஜன். வேறு எந்தப் பொட்டலமும் வாங்கக் கூடாது. ஜனவரியில் பஸ்ஸர், கருப்பு மட்டும். அதற்குள் நூல் கைக்குப் பழகியிருக்கும், ஒல்லியாகக் கட்ட வரும். லூர் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு கட்டினால் முடிந்தது. டிரை கடையில். பெரிய ஏரியில் படகில் பிடிக்கிறவனுக்கு இது. வாராவாரம் மீன் விடுகிற சின்னக் குளத்துக்கு மட்டும் போகிறவராக இருந்தால் நான் லூரையே முதலில் சொல்லியிருப்பேன், அங்கே அதுதான் வேலை செய்யும்.

வைஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பக்காரர்களுக்கு என்று பெட்டியில் எல்லாம் போட்டு விற்கிற செட் ஒன்று வாங்கி நான் ஏமாந்தேன். அதன் தாடை மெத்தென்ற இரும்பு. நூலை இழுத்தால் முள் நழுவும். தப்பு என் கையில் என்று ஒரு மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன். முள்ளை மாட்டி, விரலால் அழுத்தினால் முள் வளைய வேண்டும், நழுவக் கூடாது. அந்தச் சோதனையில் தேறினால் எந்த வைஸும் நல்ல வைஸ்தான். மிச்சப் பணத்தைக் கத்தரியில் போடுங்கள்.

போன வாரம் தம்பி முதல் டஜனைப் படம் எடுத்து அனுப்பினான். பன்னிரண்டில் ஒன்பதின் காது நூலுக்குள் புதைந்திருந்தது. வால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். எல்லாவற்றையும் பிளேடால் வழித்துவிட்டு அதே முட்களில் திரும்பக் கட்டச் சொன்னேன். "முதல்ல கட்டினதை மட்டும் வச்சுக்கறேன் அண்ணா" என்றான். சரி என்றேன்.